மெரோபெனம் கேட்காது என்று வந்த கல்ச்சர் அறிக்கை

வென்டிலேட்டரில் இருக்கும் உங்கள் அப்பாவின் கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) அறிக்கையில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா, மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாட்டிக் எதிரே ‘ஆர்’, அதாவது அந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படாது என்று வந்திருக்கிறது. மாற்றாகக் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக் போட்டால் சிறுநீரகம் போய்விடுமா, மருத்துவமனையை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அறிக்கையின் மேல்வரியைப் பாருங்கள்: எந்த மாதிரி? இரத்தம் என்றால் உண்மையான தொற்று, ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. மூச்சுக்குழாய்ச் சளி மட்டும் என்றால், கிருமி நோய் உண்டாக்காமல் வெறுமனே அங்கே குடியிருக்கவும் கூடும். காய்ச்சல், எக்ஸ்ரேயில் புதிய நிழல், கூடிவரும் ஆக்சிஜன் தேவை போன்ற அறிகுறிகளும் சேர்ந்து வந்தால் மருந்து தேவைப்படும். இதை மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள்.

கொலிஸ்டின் 1950-களின் பழைய மருந்து. சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பது உண்மைதான். பலருக்கு மருந்தை நிறுத்தியதும் தேறிவிடுகிறது. கிரியாட்டினினையும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்த அளவு) சிறுநீர் அளவையும் தினமும் குறிக்கிறார்களா என்று கவனியுங்கள். செஃப்டாசிடிம்-அவிபாக்டம் என்ற கூட்டு ஆன்டிபயாட்டிக் பற்றியும் கேளுங்கள். இந்தியாவில் என்டிஎம் என்ற, மெரோபெனம் போன்ற மருந்துகளைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கும் கிளெப்சியெல்லா அதிகம். அதற்கு அந்த மருந்து தனியாகப் போதாது, அஸ்ட்ரியோனாம் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக்கும் சேர வேண்டும். விலை கையைக் கடிக்கும், மறைக்க விரும்பவில்லை. தொற்றுநோய் நிபுணர் ஒருவரின் கருத்தைக் கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

இடம் மாற்றினால் கிருமியும் கூடவே போகும். அப்படியே மாற்றினாலும் அறிக்கையை முன்கூட்டியே அனுப்புங்கள், தனி அறை ஒதுக்குவார்கள். படுக்கையருகே தொங்கும் கைகழுவும் திரவத்தை, அப்பாவைத் தொடும் முன்பும் பின்பும் நீங்களும் தேய்த்துக்கொள்ளுங்கள். யாராவது மறந்தால் நினைவூட்டுங்கள். தவறாக எண்ண மாட்டார்கள். சிறுநீர்க் குழாய் வழியாகவும் தொற்று வரலாம் என்பதால், அது இன்னும் தேவைதானா என்பதையும் இன்றே கேட்டுவிடுங்கள்.