வள்ளலார் வீடு: அம்மாவோடு ஒரே நாளில்

கடலூரிலிருந்து முழங்கால் வலி உள்ள அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறீர்கள், இருப்பது ஒரு நாள், வள்ளலார் வீடு என்று மூன்று இடம் சொல்கிறார்களே, எதைப் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். மூன்றும் சரிதாங்க. 1823-இல் பிறந்தது மருதூர் வீடு. கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா தவறிவிட, குடும்பம் ஊரை விட்டுப் போய்விட்டது. பெரியவரான பிறகு பல வருஷம் தங்கியது கருங்குழியில், தண்ணீரில் விளக்கு எரிந்ததாகச் சொல்வார்களே, அந்த வீடு. கடைசியாக இருந்தது மேட்டுக்குப்பம் சித்தி வளாகம். 1874 ஜனவரி 30 அன்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நேரம் குறைவென்றால் மருதூரை விட்டுவிடுங்கள். மற்ற இரண்டும் வடலூருக்குப் பக்கத்திலேயே, ஒரு ஆட்டோ பேசினால் போதும்.

ஆனால் வடலூரில் வள்ளலார் தொடங்கிய அன்னதானக் கூடமான தருமசாலையில் அம்மாவை நிதானமாக உட்கார வையுங்கள். 1867 மே 23 அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. விறகுப் புகையும் கொதிக்கிற சோற்று வாசனையும் அடிக்கும். யார், எந்த ஊர் என்று கேட்காமல் இலை போடுவார்கள். எனக்கு எந்த வீட்டையும் விட அவரைக் காட்டுவது அந்த அடுப்புதான்.

தைப்பூசத்தன்று மட்டும் வேண்டாம். வடலூர் சத்திய ஞான சபையில் ஏழு திரை விலகும் ஜோதி தரிசனத்துக்கு வரும் கூட்டத்தில் அம்மாவால் நிற்க முடியாது. நான் ஒருமுறை செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு பஸ் ஏறினேன்.

இன்னொன்று, சபைக்குள் புலால் உண்ணாதவர்கள்தான் போகலாம். மற்றவர்கள் வெளியே நின்று கும்பிடலாம்.