ஹோமிங்கில் இசட் கீழே இறங்குகிறது: $23-ஐ மாற்றும் முன்

சிஎன்சி மெஷினை இயக்கும் ஜிஆர்பிஎல் 1.1 மென்பொருளில் ஹோமிங் (லிமிட் சுவிட்சைத் தேடி அச்சு நகர்வது) கொடுத்ததும் இசட், அதாவது மேல்-கீழ் அச்சு, மேலே போகாமல் மேசையை நோக்கி இறங்குகிறது என்றால், ஹோமிங் திசையைத் தீர்மானிக்கும் $23 அமைப்பை உடனே மாற்றாதீர்கள். முதலில் ஜாக் செய்து, அதாவது நீங்களே சிறிது நகர்த்திப் பாருங்கள்.

ஸ்பிண்டிலை நிறுத்தி, டூலைக் கழற்றிவிட்டு, இசட்டை நடு உயரத்தில் வைத்து பிளஸ் திசையில் 1 மி.மீ. நகர்த்துங்கள். கீழே இறங்கினால் மோட்டார் திசையே தலைகீழ். புதிதாக வயரிங் செய்த மெஷினில் பெரும்பாலும் இதுதான். மோட்டார் திசையை மாற்றும் $3 அமைப்பின் மதிப்போடு, இசட்டுக்கான எண்ணான 4-ஐக் கூட்டுங்கள். 4 ஏற்கெனவே சேர்ந்திருந்தால் (மதிப்பு 4 முதல் 7 வரை) கழியுங்கள். பிளஸ் சரியாக மேலே போனால் தவறு $23-இல். அங்கேயும் இசட்டுக்கு 4தான்; அதே போலக் கூட்டுங்கள் அல்லது கழியுங்கள்.

இதில் கவனம் தேவை: மோட்டார் தலைகீழாக இருக்கும்போது $23-ஐ மட்டும் மாற்றினால் ஹோமிங் சரியாகிவிட்டது போலத் தெரியும். அப்புறம் புரோகிராமில் டூலைத் தூக்க வேண்டிய வரியில் டூல் வேலைப்பொருளுக்குள் பாயும்.

மறுபடி ஹோமிங் கொடுக்கும்போது கை எமர்ஜென்சி பட்டன் மேலேயே இருக்கட்டும்.