மாங்கிளை வெட்ட எந்த மெஷின்?

கேள்வி: போச்சம்பள்ளி பக்கம் 2 ஏக்கர் மாந்தோப்பு. அறுவடைக்குப் பிறகு கவாத்து செய்ய மட்டும் செயின்சா தேவை. கடையில் 22 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் தகடு) போட்ட 58 சிசி மெஷினைக் காட்டுகிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம், உங்கள் வேலைக்கு அது வீண் கனம். கிளையின் தடிமனைவிட பார் 2 அங்குலம் நீளமாக இருந்தால் போதும். 12 முதல் 14 அங்குல பார், 35 சிசி அளவு மெஷினே கைக்கு அடங்கும். மோட்டார் கொட்டகையை ஒட்டிய மரங்கள்தான் என்றால் கரண்டில் ஓடுவது இன்னும் மலிவு. ஒயர் மட்டும் தடிமனாக இருக்கட்டும். நீளமான மெல்லிய ஒயரில் வோல்டேஜ் இறங்கி மோட்டார் சூடேறும்.

எப்போதாவது எடுக்கும் பெட்ரோல் மெஷின் பெரும்பாலும் சும்மா கிடந்துதான் கெடுகிறது. கையேட்டில் 1:25 என்றிருந்தால் லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) கலக்க வேண்டும். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். இல்லாவிட்டால் மிச்ச பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரை அடைத்துவிடும். செயின் ஆயிலுக்குத் தனி டேங்க் உண்டு. காய்ந்த அட்டைக்கு நேராக பார் முனையை நீட்டி ஆக்சிலரேட்டர் கொடுத்தால் அட்டையில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். சீவலுக்குப் பதில் மாவுபோலத் தூள் வந்தால் செயின் மழுங்கிவிட்டது, அரம் போடுங்கள்.

கனத்த கிளையை முதலில் அடியில் கால்வாசி அறுத்து, சற்று வெளியே தள்ளி மேலிருந்து வெட்டினால் பட்டை கிழியாது. பார் முனையின் மேல்பகுதி மரத்தில் பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும். ஏணியில் நின்று ஓட்டவே கூடாது.