தாத்தாவின் எண்பதும் நம் அறுபதும்

என் தாத்தா எண்பது வயதிலும் ஒரு மாத்திரைகூட விழுங்கியதில்லை. எனக்கோ 62 வயதிலேயே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வந்துவிட்டன. பழைய தலைமுறைதான் ஆரோக்கியமானதா? (வாசகர், வில்லிவாக்கம்)

உங்கள் தாத்தாவை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அவரோடு பிறந்து, அம்மையிலும் காலராவிலும் காசநோயிலும் இளம் வயதிலேயே போய்விட்டவர்களின் புகைப்படங்கள் நம் கூடங்களில் மாட்டப்படவில்லை. நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகளே. இன்று அது 70-ஐ ஒட்டி நிற்கிறது. ஆகவே அன்று எண்பதைத் தொட்டவர், பல சல்லடைகளில் தப்பி எஞ்சியவர். அவருக்கு ரத்த அழுத்தம் இருந்ததா என்று அளந்து பார்த்தவர்களும் அநேகமாக இல்லை. ஆயினும் உங்கள் ஐயத்தில் உண்மையும் உண்டு: சென்னையில் நடந்த ஆய்வுகளில், 1989-இல் 8.3 விழுக்காடாக இருந்த நீரிழிவு 2004-இல் 14.3 விழுக்காடாக உயர்ந்திருந்தது. பதினைந்து ஆண்டுகளில் ஓர் ஊரின் மரபணு மாறிவிடாது; மாறியவை நம் நடையும் தட்டில் விழும் சோற்றின் அளவும்தான்.

மறதி நோய் அடுத்த தலைமுறையில் இன்னும் பெருகுமா? (வாசகி, மயிலாப்பூர்)

முதியோர் பெருகுவதால் நோயாளிகளின் எண்ணிக்கை கூடும். ஆனால் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊர் மக்களைப் பல்லாண்டுகளாகத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வில், புதிதாக மறதி நோய்க்கு ஆளாவோரின் விகிதம் 1970-களின் பிற்பகுதியிலிருந்து பத்தாண்டுக்கு ஏறத்தாழ 20 விழுக்காடு வீதம் குறைந்திருக்கிறது. அந்தக் குறைவு உயர்நிலைப் பள்ளிப் படிப்பையாவது முடித்தவர்களிடம் மட்டுமே தென்பட்டது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஏனெனில், வயதுக்கு வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட நம் அம்மாக்களுக்கும் பட்டம் பெற்ற அவர்களுடைய மகள்களுக்கும் இடையே உள்ள பெரிய வேறுபாடு அதுவே. அம்மாவுக்குக் காது மந்தமானால் வயதின் மேல் பழியைப் போடாமல் கேட்கும் கருவி வாங்கிக் கொடுங்கள். செவித்திறன் குறைவு மறதி நோயின் வாய்ப்பைக் கூட்டுகிறது.

எழுபது வயதுக்குப் பிறகு தசை வலுவுக்கான பயிற்சி தேவையா? (வாசகர், தாம்பரம்)

தேவை. நாற்காலியின் கைப்பிடியைப் பற்றாமல் பத்து முறை எழுந்து அமர்வதிலிருந்து தொடங்கலாம். முட்டி வலி இருப்பின் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

முதியோருக்கெனத் தனி அரசு மருத்துவமனை சென்னையில் உண்டா? (வாசகி, பெரம்பூர்)

உண்டு. 1978-இலேயே அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கெனப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கிய ஊர் இது. கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டது. செல்லும்போது மருந்துச் சீட்டுகளை மட்டுமின்றி, வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஒரே மருந்தை இரு பெயர்களில் விழுங்கிக்கொண்டிருப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.