தாத்தாவின் ஸ்கோர் நோட்டு

அன்புள்ள ஐயா,

என் தாத்தா அண்மையில் 99 வயதில் காலமானார். 1942இல், பதினெட்டு வயதில், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் சேர்ந்து பர்மா போர்முனையில் பாலம் கட்டும் வேலையில் இருந்தவர். 1946இல் திரும்பி வந்து, ஆசிரியர் பயிற்சி முடித்து, 1948 முதல் 1982 வரை வடசென்னைப் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியாராக இருந்தார். ஹாக்கி, கிரிக்கெட் இரண்டிலும் பைத்தியம். எழும்பூர் மைதானத்துக்கும் சேப்பாக்கத்துக்கும் முடிந்தவரை போய்க்கொண்டே இருந்தார்.

முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு ஒரு மலர் கொண்டுவருகிறோம். அட்டையில் ராணுவ உடைப் படம், ‘பர்மா வீரர்’ என்று தலைப்பு என்கிறார் அப்பா. பெரியப்பா மகனோ, “வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டதில் என்ன பெருமை?” என்கிறான். தாத்தா போரைப் பற்றிப் பேசியதே குறைவு. “ஒரு சட்டத்தைத் தூக்க ஆறு பேர் வேண்டும்” என்பார், அத்தோடு சரி. அவர் விட்டுப்போனவை ஒரு பர்மா ஸ்டார் பதக்கம், பட்டாளத்திலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகம், ஒரு பெட்டி நிறைய ஸ்கோர் நோட்டுகள். சில பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். எதை முன்னால் வைப்பது?

வி., பெரம்பூர்

அன்புள்ள வி.,

நோட்டுகளை முன்னால் வையுங்கள்.

நினைவு மலர்கள் எனக்கு நிறைய வருகின்றன. ஓரமெல்லாம் ரோஜாப்பூ, உள்ளே ‘கல்விக் கடல்’, ‘தியாகச் சுடர்’. பெயரை மாற்றிவிட்டால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். உங்கள் தாத்தாவை அப்படி ஆக்கிவிடாமல் காப்பாற்றக்கூடியது அந்தப் பெட்டிதான். 99 ஆண்டுகளில் போர் நான்கு ஆண்டு. அதைப் பற்றியும் அவர் ஒரே வாக்கியம்தான் சொன்னார். அவர் சொல்லாத வீரத்தை நீங்கள் எழுதிச் சேர்க்க வேண்டாம்.

ஆனால் அந்த ஒரு வாக்கியம் பொன்னானது. அவர் சொன்னது பெரும்பாலும், துண்டு துண்டாகக் கொண்டுபோய்ப் பூட்டுகிற பெய்லி பாலத்தின் இரும்புச் சட்டமாக இருக்க வேண்டும். ஒரு சட்டம் 10 அடி நீளம், 570 பவுண்டு எடை, நம் கணக்கில் ஏறத்தாழ 260 கிலோ. ஆறு பேர் தூக்கிக்கொண்டுபோய் வைத்து, ஒன்றோடொன்று பின் செருகிப் பூட்டி, ஆற்றுக்கு மேலே தள்ளிக்கொண்டே போவார்கள். 1944 டிசம்பரில் கலேவா என்ற இடத்தில் சிந்துவின் ஆற்றின் குறுக்கே இந்தச் சட்டங்களை மிதவைகள் மேல் வைத்துப் போட்ட பாலம் 1,154 அடி. அன்றைக்கு உலகத்திலேயே நீளமான பெய்லி பாலம் அது. உங்கள் தாத்தா அங்கே இருந்தாரா என்பதைக் கற்பனையில் தீர்மானிக்காதீர்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உள்ள படை எண்ணைக் குறிப்பிட்டு, பெங்களூரில் இருக்கும் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பின் (மெட்ராஸ் சாப்பர்ஸ்தான் அது) ஆவண அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வந்தால் அச்சிடுங்கள், வராவிட்டால் அந்த வாக்கியம் மட்டும் போதும்.

உங்கள் பெரியப்பா மகன் கேட்பது சரியான கேள்வி. அதை அதட்டி அடக்க வேண்டாம். அந்தப் போரில் இந்திய ராணுவத்தில் 25 லட்சம் பேர் இருந்தார்கள். கட்டாய ஆள்சேர்ப்பு கிடையாது. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் மன்னர் மீதுள்ள பக்தியால் சேர்ந்திருப்பார்கள்? 1942இல் பர்மா ஜப்பானியரிடம் விழுந்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. மூன்று வேளைச் சோறும் மாதச் சம்பளமும் கிடைத்த இடம் பட்டாளம். அதே பர்மாவில் எதிர்ப்பக்கமும் தமிழர்கள்தான். மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து நேதாஜியின் படைக்குப் போனவர்கள் ஆயிரக்கணக்கானோர். அதன் பெண்கள் பிரிவான ஜான்சிராணி படைக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமி நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவரும் 97 வயது வரை இருந்தார். சீருடையில் இருந்தது இரண்டு ஆண்டு போல. கான்பூரில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தது அரை நூற்றாண்டுக்கும் மேல். வாழ்க்கையை எந்தப் பக்கத்திலிருந்து அளப்பது என்று அவரிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இனி நீங்கள் அனுப்பிய படங்கள். 1952 பிப்ரவரி 6, சேப்பாக்கம். டோனால்ட் கார் தலைமையில் இங்கிலாந்து. கட்டம் கட்டிய கணக்கு நோட்டு, பென்சில் எழுத்து. அன்றைய ஸ்கோருக்குக் கீழே ஒரே வரி: ‘நாளை ஆட்டம் இல்லை.’ ஏன் இல்லை என்று அவர் எழுதவில்லை. ஆறாம் ஜார்ஜ் மன்னர் இறந்தது அன்றுதான், அதனால் மறுநாளை ஓய்வு நாளாக்கினார்கள். பதினெட்டு வயதில் அந்த மன்னரின் படையாளாகச் சத்தியம் செய்தவர் உங்கள் தாத்தா. வீட்டிலிருக்கும் பர்மா ஸ்டாரைத் திருப்பிப் பார்க்க வேண்டியதில்லை, முகப்பின் நடுவிலேயே அந்த மன்னரின் முத்திரை எழுத்துகள் இருக்கும். அவர் இறந்த செய்திக்கு நோட்டில் கிடைத்த இடம் மூன்று சொல். பிறகு 10ஆம் தேதிப் பக்கத்தைப் பாருங்கள். இங்கிலாந்து 266, 183. இந்தியா 9 விக்கெட்டுக்கு 457. நம் பந்துவீச்சாளர் மன்கட் முதல் இன்னிங்ஸில் 55 ரன்னுக்கு 8 விக்கெட், மொத்தம் 12. கீழே ‘இன்னிங்ஸ், 8 ரன்’ என்று எழுதி இரண்டு கோடு இழுத்திருக்கிறார். பென்சில் அழுந்தி அடுத்த பக்கத்திலும் தடம் தெரிகிறது. டெஸ்ட் கிரிக்கெட்டில் இந்தியாவின் முதல் வெற்றி அது. வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவர் என்பதற்கு உங்கள் வீட்டில் பதில் இருக்கிறதென்றால் அந்த இரண்டு கோடுதான். அதற்கு மேல் விளக்கம் எழுதிக் கெடுக்காதீர்கள்.

1986 செப்டம்பர் பக்கமும் அருமை. ஆஸ்திரேலியாவுடன் டை ஆன ஆட்டம். கடைசி விக்கெட், மேத்யூஸ் பந்தில் மணிந்தர் எல்.பி.டபிள்யூ. மைதானமே வாய் பிளந்து நின்ற நேரத்தில் இவர் ஓரத்தில் கூட்டிப் பார்த்திருக்கிறார்: 574, 170, ஆக 744. 397, 347, ஆக 744. ஓய்வு பெற்று நான்கு வருஷமான கணக்கு வாத்தியார்!

அதைச் சொல்லும்போதுதான் உறுத்துகிறது. 34 ஆண்டு வாத்தியார் வேலைக்கு உங்கள் கடிதத்தில் கிடைத்தது ஒரு வரி. சீருடைக்கும் சேப்பாக்கத்துக்கும் கவர்ச்சி உண்டு, கரும்பலகைக்கு இல்லை, புரிகிறது. ஆனாலும் மலரில் பாதி அங்கேயிருந்து வர வேண்டும். அவர் முதன்முதலில் பாடம் எடுத்த பையன்கள் இப்போது தொண்ணூறை நெருங்கியிருப்பார்கள். இந்த வாரமே தேடத் தொடங்குங்கள். பள்ளியில் பழைய மாணவர் சங்கம் இருந்தால் நேரில் போய்விடுங்கள். போனில் கேட்டால் ‘நல்ல மனிதர்’ என்று முடித்துவிடுவார்கள். எதற்கு அடித்தார், எந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டார், மழை பெய்தால் ஹாக்கிக்குப் பதில் என்ன செய்வார் என்று துருவிக் கேளுங்கள். அடித்தார் என்று யாராவது சொன்னால் அதையும் போடுங்கள்.

ராணுவப் படம் உள்ளே ஒரு பக்கம் வரட்டும், அட்டைக்கு வேண்டாம். 1952 பக்கத்தைப் பற்றிய கட்டுரையைப் பெரியப்பா மகனிடமே கொடுங்கள். சந்தேகப்படுகிறவன்தான் ஒழுங்காகத் தேடிப் படிப்பான்.

ஒன்று மட்டும். நோட்டுகளை லேமினேட் செய்துவிடாதீர்கள், பாதுகாப்பதாக நினைத்துப் பலரும் செய்கிற காரியம் அது. பின்னால் பிரிக்கவே முடியாது. நல்ல வெளிச்சத்தில் பக்கம் பக்கமாக ஸ்கேன் எடுத்துவிட்டு, அமிலமில்லாத காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். பெட்டியைப் பரணில் ஏற்றாதீர்கள், பெரம்பூர் மழைக்குத் தாங்காது.