விசிட் விசாவில் அனுப்பலாமா?

கேள்வி: என் தம்பி எட்டாவது வரை படித்தவன். பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலை, 90,000 ரூபாய் கொடு, இப்போது விசிட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஊர் ஏஜென்ட். அனுப்பலாமா? – ஒரு வாசகி, தொண்டி

பதில்: வேண்டாம்மா, பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். பத்தாவது முடிக்காதவர் பஹ்ரைன் போன்ற 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக இந்திய அரசு தரும் குடியேற்ற அனுமதி கட்டாயம், அதைத் தாண்டிப் போகத்தான் இந்த விசிட் விசா வழி. அப்படிப் போனவருக்கு ஒப்பந்தமும் இருக்காது, காப்பீடும் இருக்காது. சம்பளம் நின்றுபோனால் தூதரகத்தில் காட்ட ஒரு காகிதம்கூட இருக்காது.

அந்த ஏஜென்டிடம் லைசென்ஸ் எண் கேளுங்கள். மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அது செல்லுபடியாகிறதா என்று பார்க்கலாம். பதிவுபெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், அதற்கும் ரசீது தர வேண்டும். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரியுங்கள்.

முறையாகப் போகிறவர்களுக்குப் புறப்படும் முன் ஒரு நாள் இலவசப் பயிற்சி உண்டு. 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீட்டுக்கு இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய்தான் பிரீமியம். அப்புறம், ஒப்பந்தம் வந்ததும் தம்பியோடு உட்கார்ந்து படியுங்கள்: மாதச் சம்பளமா, பிடிக்கிற மீனில் பங்கா? சாப்பாடு யார் செலவு? படகு உரிமையாளர் பெயர் என்ன? பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றின் நகலும் உங்கள் வீட்டில் இருக்கட்டும்.