3 கிலோ 50 கிராம் எப்படி 350 கிராம் ஆகுது?

கேள்வி: மேடம், என் பையன் நாலாவது படிக்கிறான். 1 கிலோன்னா 1000 கிராம், 1 மீட்டர்னா 100 சென்டிமீட்டர்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவான். ஆனா 3 கிலோ 50 கிராம் எத்தனை கிராம்னு கேட்டா 350னு எழுதறான், பெருக்க வேண்டிய இடத்துல வகுக்கறான். இன்னும் நிறைய கணக்கு போட வைக்கணுமா?

பதில்: வேண்டாம்மா, கொஞ்ச நாளைக்கு நோட்டை மூடி வைங்க. அவனுக்கு வாய்ப்பாடு நல்லாவே தெரியுது, தெரியாதது என்னன்னா ஒரு கிலோ கையில எவ்ளோ கனம், 50 கிராம் எவ்ளோங்கறதுதான். 350 கிராம்னா அரை கிலோ கூட இல்லையே, 3 கிலோவுக்கு மேல இருக்கற பொருள் எப்படி அவ்ளோ கம்மியாகும்னு அவனுக்கே சந்தேகம் வந்திருக்கணும். தூக்கிப் பாத்த பிள்ளைக்குத்தான் அந்த சந்தேகம் வரும்.

கூட்டம் இல்லாத நேரமா பாத்து காய்கறி கடைக்கு கூட்டிட்டு போங்க. எலக்ட்ரானிக் தராசுல பெரும்பாலும் எடை கிலோவுல, புள்ளிக்கு அப்புறம் மூணு இலக்கமா வரும். 50 கிராம் இஞ்சி வெச்சா 0.050, கால் கிலோ வெங்காயம்னா 0.250. தசமப் புள்ளி பாடம் இன்னும் நடத்தலைன்னாலும் பரவால்ல, புள்ளிக்கு இந்தப் பக்கம் கிலோ, அந்தப் பக்கம் கிராம்னு சொன்னா போதும். இஞ்சியை எடுக்காம அதோடவே 3 கிலோ தக்காளி வைக்கச் சொல்லுங்க, 3.050னு வரும், நடுவுல இருக்கற பூஜ்யத்தை அவனே கைவெச்சு காட்டட்டும். வீட்டுக்கு வந்ததும் நாலு கட்டம் போட்டு கிலோ, நூறு, பத்து, ஒண்ணுன்னு தலைப்பு எழுதி அதே எடையை நிரப்பச் சொல்லுங்க: 3, 0, 5, 0. 350னு எழுதற பிள்ளைங்க விட்டுடறது அந்த நூறு கட்டத்தைத்தான். 4 மீட்டர் 5 சென்டிமீட்டரை 45னு எழுதறதும் இதே தப்புதான், அங்க விட்டுப்போறது பத்து கட்டம், சரியான விடை 405.

அடுத்து பெருக்கலா வகுத்தலாங்கற குழப்பம். 'பெருசுல இருந்து சிறுசுக்குப் போனா பெருக்கு'ன்னு விதியா மனப்பாடம் பண்ண வைக்காதீங்க, பரீட்சை அவசரத்துல அது தலைகீழா மாறிடும். 2 லிட்டர் தண்ணியை 500 மில்லி பாட்டில்ல ஊத்தச் சொல்லுங்க, 4 தடவை. 200 மில்லி டம்ளர்னா 10 தடவை. 5 மில்லி மருந்து மூடியால எத்தனை தடவைன்னு கேட்டா ஊத்தறதுக்கு முன்னாடியே 'அய்யோ, ரொம்ப தடவை'ம்பான் (400 தடவை), அந்த 'ரொம்ப'தான் நமக்கு வேணும். இனி எந்த கணக்கா இருந்தாலும் பென்சில் எடுக்கறதுக்கு முன்னாடி ஒரே கேள்விதான், வர்ற எண் பெருசா இருக்குமா சிறுசா இருக்குமா? அதை வாயால சொல்லிட்டு அப்புறம் போடட்டும்.

நிஜமாவே புரிஞ்சுதான் போடறானா, இல்ல பூஜ்யத்தை மட்டும் சேத்துக்கிட்டு இருக்கானான்னு பாக்க நான் எப்பவும் பவுன் கணக்கு கேப்பேன். ஒரு பவுன் 8 கிராம், அப்போ 5 பவுன் செயின் எத்தனை கிராம், 24 கிராம் வளையல் எத்தனை பவுன்? இங்க பூஜ்யம் சேக்கற வேலையே நடக்காது, 40ம் 3ம் யோசிச்சாத்தான் வரும்.

ஸ்கேலையும் ஒரு தடவை செக் பண்ணிடுங்க. 3ல ஆரம்பிச்சு 8ல முடியற மாதிரி ஒரு குச்சியை வெச்சு நீளம் கேளுங்க. 8னு சொன்னா முடியற நம்பரை மட்டும் பாக்கறான்னு அர்த்தம், 6னு சொன்னா கோடுகளை எண்றான். நடுவுல இருக்கற இடைவெளிங்களை விரலால தொட்டு எண்ணச் சொல்லுங்க, 5 வரும்.

நேரக் கணக்கை மட்டும் இதோட கலக்காதீங்க, மத்ததெல்லாம் கைக்கு வந்தப்புறம் தனியா எடுங்க, ஏன்னா அங்க 60, நம்ம கட்டம் செல்லாது. 7.40க்கு கிளம்பின பஸ் 9.15க்கு வந்தா எவ்ளோ நேரம்னு கேட்டா நிறைய பிள்ளைங்க 915ல 740 போக 175 நிமிஷம்னு எழுதிடுவாங்க. கழிக்கவே விடாதீங்க, ஒரு கோடு போட்டு தாவச் சொல்லுங்க: 8 மணி வரைக்கும் 20, 9 மணி வரைக்கும் 60, அதுக்கு மேல 15, மொத்தம் 95 நிமிஷம்.